ஃபார்மேட் போடுறதுக்கு முன்னாடி அக்காவைக் கேளு

2025 மே 24, சனிக்கிழமை. குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ராத்திரி பத்தரை மணிக்கு எதிர்வீட்டுப் பெண் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஆரத்தித் தட்டு எடுத்து வருகிறவள் மாதிரி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் மட்டும் மங்களம் இல்லை.

“அக்கா, சாயங்காலம் அப்டேட் கேட்டுச்சு, குடுத்துட்டேன். இப்ப வைஃபை அடையாளத்தையே காணோம். ஃபார்மேட் போட்டாதான் சரியாகும்னு மாமா சொல்றாரு.”

அவளுடைய மாமா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். அந்த மெஷினில் பெல்ட் அறுந்தால் இன்ஜினையே இறக்கிப் போடுவாரா? மாட்டார். ஆனால் லேப்டாப் என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மேட்.

அன்றைக்கு நான் வைஃபையைத் தொடவே இல்லை. அவள் போனை வாங்கி, கேபிளால் லேப்டாப்பில் செருகினேன். போனில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்திலேயே ‘யூஎஸ்பி டெதரிங்’ என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்தேன். அரை நிமிஷத்தில் நெட் வந்தது. 11.10-க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ரிப்பேரை மறுநாள் காபி குடித்துவிட்டு நிதானமாகப் பார்த்தோம்.

பிரம்மதேசத்தில் ஜெராக்ஸ் கடையோடு ஆன்லைன் வேலையும் பார்க்கிறேன். சான்றிதழ், கவுன்சலிங், தேர்வு விண்ணப்பம் என்று வருகிற பிள்ளைகளில் மாதத்துக்கு நாலு பேராவது “அப்டேட் பண்ணேன், நெட் போச்சு” என்று வருகிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாகச் சொல்கிறேன். தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும் நீ முதலில் செய்யவேண்டியது இந்த டெதரிங்தான். வைஃபை கார்டு செத்தே போயிருந்தாலும் இது வேலை செய்யும், ஏனென்றால் இது வைஃபை வழியாக வருவதில்லை, கேபிள் வழியாக வருகிறது. கேபிள் மட்டும் நல்லதாக இருக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டில் விற்கிற மலிவு கேபிள் சிலது சார்ஜ் ஏற்றும், டேட்டா கடத்தாது. போனோடு வந்த கேபிளைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்.

தப்பு லேப்டாப் மேலயா, லைன் மேலயா?

சித்தி பையன் கதையைச் சொன்னால் உனக்கே புரியும். அப்டேட் முடிந்த அன்றைக்கே நெட் போனது. ஆகவே அப்டேட்தான் குற்றவாளி என்று அவனே தீர்ப்பு எழுதி, வெளியூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் கேள்வியே கேட்காமல் ஃபார்மேட் போட்டு 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். கடைசி வருஷ புராஜெக்ட், அக்கா கல்யாணப் போட்டோ எல்லாம் போனது. வீட்டுக்கு வந்து திறந்தால் அப்போதும் நெட் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் பைப்லைன் தோண்டிய ஜேசிபி, கேபிளையும் சேர்த்து அள்ளியிருந்தது.

எனவே லேப்டாப்பைத் தொடுவதற்கு முன், போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார். டேட்டாவை அணைக்க மறந்துவிடாதே. வைஃபை செத்திருந்தால் போன் சத்தமில்லாமல் சிம் நெட்டுக்குத் தாவிவிடும், நீயும் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவாய். போனிலும் வரவில்லை என்றால் பெட்டியைப் பார். ‘பான்’ விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கவேண்டும். எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளி உன் வீடுவரை வரவே இல்லை என்று அர்த்தம். லைன்மேனுக்குப் போன் செய்வதைத் தவிர நீ செய்ய ஒன்றுமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த வாரம் எங்கள் பக்கத்தில் எந்த லேப்டாப்பை எப்படி ரிப்பேர் செய்திருந்தாலும் நெட் வந்திருக்காது.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால்தான் இனிமேல் சொல்வது உனக்கு. அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம்: விசைப்பலகையில் விமானப் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறதா பார். துடைக்கும்போது கைபட்டு ஏரோபிளேன் மோடு ஆன் ஆகியிருக்கும். சிரிக்காதே, போன மாதம் என் கடையிலேயே இது நடந்தது.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

“பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்கா” என்பார்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது முழுத் தூக்கம் இல்லை, அரைத் தூக்கம். சீக்கிரம் எழுந்திருப்பதற்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கும், மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். கெட்டுப்போன நிலையும் சேர்ந்தே விரியும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் ஆதியிலிருந்து தொடங்கும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் விண்டோஸ் 10 வைத்திருந்த பலருக்கு, இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும், திடீரென்று நெட் நின்றது. மைக்ரோசாப்ட் தன் உதவிப் பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்பு வைத்தது: ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட் டவுன் போதாது. நெட் இல்லாதவர்கள் அந்தப் பக்கத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

ரீஸ்டார்ட்டுக்கும் அசையவில்லை, வைஃபை அடையாளமே காணோம் என்றால் முழுசாக அணைத்துவிடு. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். சார்ஜரைப் பிடுங்கு. பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடி. பேட்டரி கழற்ற வருகிற பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டு அழுத்து. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, வைஃபை கார்டு புதிதாக எழுந்திருக்கும். எதிர்வீட்டுப் பெண்ணின் லேப்டாப் மறுநாள் காலையில் இதற்கே சரியாகிவிட்டது. அவள் மாமா இன்னும் நம்பவில்லை.

வைஃபை இருக்கு, ஆனா நெட் இல்ல

இந்த வகைதான் அதிகம் வருகிறது, இதற்குள்ளேயே நாலைந்து வேறு வேறு வியாதி இருக்கிறது.

முதலில், அந்த ‘நோ இன்டர்நெட்’ என்ற எழுத்தை அப்படியே நம்பாதே. பிரவுசரைத் திறந்து பார். விண்டோஸ் அடிக்கடி மைக்ரோசாப்ட்டின் ஒரு சின்னப் பக்கத்தைக் கூப்பிட்டு, பதில் வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டும். 2020-இல் மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு இந்தச் சோதனையே கோளாறாகி, நெட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும் இல்லை என்று காட்டியது. படம் ஓடுகிறது, பக்கம் திறக்கிறது என்றால் அந்த எழுத்தைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்.

வாட்ஸ்அப் மாதிரி சிலது ஓடுகிறது, மற்ற பக்கங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படு. இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம். விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டு பிரம்மதேசம் இருக்கிறது. சோழர் காலக் கோயில்கள் இருக்கிற பிரம்மதேசம் எண்ணாயிரம் பக்கம், நாங்கள் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில். கூரியர் பையனிடம் ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் என் பிரின்டர் மை அங்கே போய்ச் சேரும், அந்த ஊர்க்காரர் சேலை இங்கே வரும். பெயரை வைத்துச் சரியான எண்ணைக் கண்டுபிடித்துத் தருகிற ஆள் ஒருவர் வேண்டும். இன்டர்நெட்டில் அந்த ஆள்தான் டிஎன்எஸ். அவர் லீவில் இருந்தால் ரோடு நன்றாக இருந்தும் பார்சல் போகாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், உன் வைஃபையின் விவரத்தில் ‘டிஎன்எஸ்’ என்ற வரியில் எடிட் கொடுத்து, மேனுவல் ஆக்கி, ஐபிவி4 கட்டத்தில் 8.8.8.8 என்று போடு. இது கூகுளின் டிஎன்எஸ். 1.1.1.1 போட்டாலும் சரி, அது கிளவுட்ஃப்ளேருடையது. எது போட்டாலும் காசு கிடையாது.

அதே விவரப் பக்கத்தில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியையும் ஒரு தடவை பார்த்துவை. 169.254 என்று ஆரம்பித்தால், ரூட்டர் உனக்கு முகவரி தரவில்லை, லேப்டாப் தானே ஒரு கற்பனை முகவரியை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வைஃபை பெயர்மேல் ‘ஃபர்கெட்’ கொடுத்து, ரூட்டரை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போட்டு, பாஸ்வேர்டு அடித்து மறுபடி சேர். பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாதுகாப்பு இல்லை, சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் பக்கத்துக்குப் பக்கம் பயமுறுத்தினால் வலது மூலையில் தேதியைப் பார். 2011-இல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கியதை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதற்குள் இருக்கிற காசு மாதிரியான சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் நின்று வந்தால் தேதி பத்து வருஷம் பின்னால் போய்விடும். நீ பழைய தேதியில் நின்றுகொண்டு இன்றைய சான்றிதழைக் காட்டச் சொன்னால் எந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளும்? தேதியைச் சரிசெய்து, அந்த பேட்டரியையும் மாற்றச் சொல். பெரிய செலவு இல்லை.

இன்னொரு திருடன், நீயே எப்போதோ ஏற்றிவிட்டு மறந்த இலவச விபிஎன். அப்டேட்டுக்குப் பிறகு அது எழுந்திருக்காது, ஆனால் போகிறபோது ‘பிராக்ஸி’யை ஆன் செய்துவிட்டுப் போயிருக்கும். செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கத்தில் ‘யூஸ் எ பிராக்ஸி சர்வர்’ ஆன் ஆகியிருந்தால் அணை. அந்த விபிஎன்னையும் எடுத்துவிடு.

வீட்டு வைஃபை வருகிறது, காலேஜ் வைஃபை மட்டும் வரவில்லை என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று இதையே செய்தது. கல்லூரி, அலுவலகம் மாதிரி பெரிய வைஃபை மட்டும் சேரவில்லை, வீட்டு வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்ரோசாப்ட் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அப்படி நடந்தால் உன் லேப்டாப்பில் குடைய வேண்டாம். வகுப்பில் வேறு யாருக்கும் அதே மாதிரி ஆகிறதா என்று கேள், ஆகிறதென்றால் அடுத்த அப்டேட்வரை போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டு.

டிரைவர்

டிரைவர் என்றால் வைஃபை கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். அப்டேட் சில நேரம் பழைய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளை வைக்கும், புது ஆளுக்கு உன் கார்டு பேசுகிற பாஷை தெரியாது. ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்தால் ‘டிவைஸ் மேனேஜர்’ வரும். அதில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ விரித்து, வைஃபை அல்லது வயர்லெஸ் என்று இருக்கும் பெயர்மேல் இரண்டு கிளிக். மஞ்சள் முக்கோணம் இருந்தால் நோய் அங்கேதான். ‘டிரைவர்’ என்ற பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்த வருகிறதென்றால் அழுத்து, பழைய ஆள் திரும்பி வருவார். அது மங்கலாக இருந்தால் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய். பேரைப் பார்த்துப் பயப்படாதே, எழுந்திருக்கும்போது விண்டோஸ் தானே கார்டைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். அன்இன்ஸ்டால் கொடுக்கும்போதே ‘டிரைவரையும் அழிக்கவா’ என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் மட்டும் டிக் போட்டுவிடாதே. போட்டால் கையில் இருந்ததும் போய்விடும்.

அங்கேயே ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடு. மூடித் திறந்தால் நெட் போகிறது என்கிற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டிரைவரைப் புதிதாக இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். இந்தக் கோழி-முட்டைச் சிக்கலுக்கும் டெதரிங்தான் பதில். லேப்டாப் அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் தேடு. ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் காட்டுகிற எதையும் இறக்காதே. அது ஒன்றை இறக்கினால் நாலு வேண்டாத விருந்தாளி கூடவே வரும்.

இதுக்கும் மேல போகணும்னா

‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ வழியாகப் போனால் கடைசியில் தெரியும். நெட் சம்பந்தப்பட்டதை எல்லாம் பிரித்துப் புதிதாகக் கட்டிவிடும். உன் போட்டோ, ஃபைல் ஒன்றும் போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், அதனால் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கச் சொல்கிற வீடியோக்கள் சிலது செய்கிற வேலையை இந்த ஒரு பட்டனே செய்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் அப்டேட்டைத் திரும்ப எடுப்பது. ‘விண்டோஸ் அப்டேட்’டில் ‘அப்டேட் ஹிஸ்டரி’க்குள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கும். உனக்கு நெட் போன அன்றைய தேதி போட்டதை மட்டும் எடு. பெரிய வெர்ஷன் மாற்றமாக இருந்தால் ‘ரெக்கவரி’யில் ‘கோ பேக்’ இருக்கும், ஆனால் பத்து நாள்தான் கெடு. பதினோராவது நாள் வந்து என்னைத் திட்டாதே.

இதைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. முக்கியமானதை பென்டிரைவில் எடுத்து வை. புது லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும், இப்படிக் கிண்டும்போது சில நேரம் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். உன் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கும், போனில் திறந்து முன்கூட்டியே எழுதிக்கொள். அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது கடைக்காரரா, நீயா என்பதையும் இன்றைக்கே விசாரித்துவிடு. கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டுக் கொடுத்த லேப்டாப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? கூடாது. பாங்க் வேலை, ஆதார் வேலை எல்லாம் அதில்தானே பார்க்கிறாய். தள்ளிப்போடலாம், அதற்கு ‘பாஸ் அப்டேட்ஸ்’ இருக்கிறது, ஐந்து வாரம்வரை தரும். தேர்வு, கவுன்சலிங், விண்ணப்பக் கடைசி வாரங்களில் அதைப் போட்டுவிடு. ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ ஆக்கி வைத்தால், ஒரு நாள் டேட்டாவை விண்டோஸ் ஒரே வாயில் விழுங்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதனால் பழைய லேப்டாப்பில் குறுக்கு வழியாக 11 ஏற்றித் தருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஏற்றியபின் பணம் கொடுப்பதற்கு முன் வைஃபை, கேமரா, சத்தம் மூன்றையும் அங்கேயே ஓட்டிப் பார். பழைய கார்டுக்குப் புது டிரைவர் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் இவர்கள்தான்.

நெட் போன பதற்றத்தில் போனில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடிக் கிடைத்த எண்ணுக்கு அடிக்காதே. எடுக்கிறவன் அருமையாகத் தமிழில் பேசுவான், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான், லேப்டாப்போ போனோ அவன் கைக்குப் போய்விடும். மைக்ரோசாப்ட்காரர் யாரும் தானாக உனக்குப் போன் செய்யமாட்டார். ஏமாந்து பணம் போய்விட்டது என்றால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடி. நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் வரவில்லை என்றால் ஒருவேளை வைஃபை கார்டே போயிருக்கலாம். பல மாடல்களில் அதைக் கழற்றி மாற்றலாம். அதுவரைக்கும் யூஎஸ்பியில் செருகுகிற சின்ன வைஃபை ஸ்டிக் போட்டு ஓட்டலாம். அப்போதும் ஃபார்மேட் தேவையில்லை.

கடை காலை ஒன்பதரைக்குத் திறப்பேன். வரும்போது சார்ஜர், போனோடு வந்த கேபிள், வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எழுதிய சீட்டு மூன்றையும் எடுத்துவா. சார்ஜர் இல்லாமல் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி வந்து திரும்பிப் போனவர்கள் இந்த மாதம் மட்டும் இரண்டு பேர்.